மெக்சிகோ நாவல்களில் அப்பாவைப் படிப்பது எப்படி

நாலைந்து ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கதைகளைப் படிக்கலாம் என்று யோசிக்கிறீர்களா, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வையுங்கள். எங்கள் கோத்தகிரியில் பலருக்கு அன்றுதான் லீவு. மேகம் இறங்கிவிட்டால் அப்புறம் யாரும் எழுந்து போக மாட்டார்கள். தனியாகவும் படிக்கலாம், ஆனால் அப்பா பற்றிய கதையைப் நாலு பேர் நடுவில் சத்தமாக வாசிக்கக் கேட்கும்போது நடப்பது தனியாகப் படிக்கையில் நடப்பதில்லை.

ஏன் மெக்சிகோ? ‘மாச்சோ’ என்ற சொல்லுக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள பிணைப்பு உலகமே அறிந்தது. அதை நம்மூர் ‘ஆம்பளை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆம்பளையை உள்ளிருந்தே பிரித்துப் பார்க்கிறவர்களும் அந்த ஊர் எழுத்தாளர்கள்தான். பிழைப்புக்காக வடக்கே எல்லை தாண்டிப் போய்விட்ட அப்பாக்கள் அங்கே ஏராளம், இங்கே திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப்போய் மாதம் ஒருமுறை வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஹுவான் பாப்லோ வில்லலோபோஸ் 2010-ல் எழுதிய குறுநாவலை எடுங்கள். ஆங்கிலத்தில் ‘டவுன் தி ராபிட் ஹோல்’, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். போதைப்பொருள் தாதா ஒருவரின் சின்னப் பையன் கதை சொல்கிறான். அப்பா என்று கூப்பிடக் கூடாது, பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. ஆம்பளை அழமாட்டான் என்று பையன் நம்புகிறான், ஆனால் வயிறு வலித்துக்கொண்டே இருக்கிறது. படிக்கும்போது கையில் பென்சில் வைத்துக்கொண்டு, பிள்ளை அப்பாவை எப்படிக் கூப்பிடுகிறது, அப்பா பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதை மட்டும் கோடிட்டு வாருங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், மற்ற எல்லாப் புத்தகத்துக்கும் இதுவே சாவி.

அடுத்து, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மெக்சிகோவின் முந்தைய தலைமுறை எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவைத் தாண்டிக்கொண்டு புதியவர்களிடம் போனால் அவர்கள் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்றே புரியாது. 1953-ல் வந்த ‘தி பர்னிங் பிளெய்ன்’ தொகுப்பில், நாய்கள் குரைப்பது கேட்கவில்லையா என்று கேட்கிற கதை ஒன்று உண்டு. அடிபட்டுக் கிடந்த வளர்ந்த மகனை ஒரு கிழவர் தோளில் தூக்கிக்கொண்டு, நிலா வெளிச்சத்தில், வைத்தியர் இருக்கும் ஊரைத் தேடி நடக்கிறார். மகன் கொள்ளைக்காரனாகிவிட்டவன். செத்துப்போன உன் அம்மாவுக்காகத்தான் உன்னைச் சுமக்கிறேன் என்று திட்டிக்கொண்டே நடக்கிறார், கீழே மட்டும் இறக்கவில்லை. ஸ்பானிய மூலத்தில் ஒரு விஷயம் இருக்கிறது: ‘நீ’ என்று பேசிக்கொண்டிருந்தவர், கோபம் ஏறும்போது மகனை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல்லுக்கு மாறிவிடுகிறார். ஆங்கிலத்தில் இது தெரியவே தெரியாது. நமக்கு ஒரு விநாடியில் புரியும். பெற்ற பிள்ளையை அப்பா ‘நீங்க’ என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்! அதனால் வாசிக்கும்போது அந்த இடங்களை நீங்களே தமிழாக்கி, ‘நீ’ ‘நீங்க’ மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் கூட்டத்தில் இதை வாசித்த அன்று, ஜீப் ஓட்டுகிற ஒரு அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர். காய்ச்சலில் கிடந்த என்னை அப்பா ராத்திரியில் லைன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை தோளில் தூக்கிப் போனார், வழியெல்லாம் திட்டினார், அதற்கப்புறம் என்னைத் தொட்டதாக ஞாபகமே இல்லை தம்பி என்றார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. டீ போட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், யாரையும் சொந்தக் கதை சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள், வந்தால் வரட்டும்.

அப்புறம் அதே ருல்ஃபோவின் நாவல் ‘பெத்ரோ பாராமோ’, 1955. அம்மாவுக்குச் சாகும்போது கொடுத்த வாக்குக்காக, பார்த்தேயிராத அப்பாவைத் தேடி மகன் கொமாலா என்ற ஊருக்கு வருகிறான். முதல் வாக்கியத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘யாரோ ஒருத்தராம்’ என்கிற மாதிரி ஒரு சொல் வரும், அங்கே நின்று படியுங்கள். வழியில் சந்திக்கிற கழுதைக்காரனும் அதே அப்பாவின் மகன்தான். ருல்ஃபோவின் சொந்த அப்பா 1923-ல், மகனுக்கு ஆறு வயது இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். யார் பேசுகிறார்கள் என்று முதல் தடவை குழம்பும், குழம்பட்டும், நிறுத்தாமல் முடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இனி புதியவர்கள். எமிலியானோ மோங்கே 2018-ல் எழுதிய ‘வாட் கோஸ் அன்செட்’ அவருடைய குடும்பக் கதையேதான்: செத்துவிட்டதாக நாடகமாடிவிட்டு ஓடிப்போன தாத்தா, கெரில்லாக்களோடு சேரப்போன அப்பா, இதையெல்லாம் எழுத உட்கார்ந்த பேரன். மூன்று தலைமுறையும் வீட்டை விட்டுப் போவதை ஆண்மை என்று நினைத்ததை மறைக்காமல் வைக்கிறார். தானியேல் சல்தாஞா பாரிஸின் ‘ராமிஃபிகேஷன்ஸ்’ (இதுவும் 2018) தலைகீழ். 1994-ல் சப்பாத்திஸ்தா என்ற பழங்குடி விவசாயிகளின் கிளர்ச்சி நடக்கிற தென்மெக்சிகோ மாநிலமான சியாபாஸுக்கு அம்மா கிளம்பிப் போய்விடுகிறாள், பிள்ளைகளோடு தங்கிவிட்ட அப்பாவுக்கு அவர்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. வீட்டில் இருப்பதால் மட்டும் ஒருவர் அப்பாவாகிவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ஃபெர்னாந்தா மெல்ச்சோரின் ‘ஹரிக்கேன் சீசன்’ கடைசியில் இருக்கட்டும். மாற்றாந்தகப்பனால் கர்ப்பமான பதின்மூன்று வயதுச் சிறுமி அதில் வருகிறாள், வன்முறை பக்கம் பக்கமாக, மூச்சுவிட இடமில்லாத நீள வாக்கியங்களில் வரும். படிப்பதற்கு ஒரு வாரம் முன்பே எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்பவர் அந்த ஞாயிறு வராமல் இருக்கலாம்.

பேச்சு என்று வந்தால் ‘இவர் நல்ல அப்பாவா, கெட்ட அப்பாவா’ என்று தீர்ப்புக்குப் போகாதீர்கள், பத்து நிமிடத்தில் எல்லோரும் மேடைப் பேச்சாளர்கள் ஆகிவிடுவார்கள். இந்த அத்தியாயத்தில் அப்பாவின் கை என்ன செய்தது என்று கேளுங்கள். தூக்கியதா, அடித்ததா, பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனதா. ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள், கடைசி பஸ் போய்விடும்.