சிஎன்சி ரூட்டர் போர்டு போய்விட்டதா? கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

கோடை மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில் ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். சிஎன்சி ரூட்டரால் (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைச் செதுக்கும் மெஷின்) சில்வர் ஓக் பலகையில் ஹோம்ஸ்டேக்களுக்குப் பெயர் செதுக்கிக் கொடுப்பவர். "நேத்து செம இடிங்கண்ணா. மெஷின் போர்டு போயிருச்சு. வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

போர்டு போனது உண்மைதான். ஆனால் இடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் சொன்னபடி புதுசை மாட்டிவிட்டுச் சேலத்துக்கு இறங்கியிருந்தால், சில நாளில் அதுவும் போயிருக்கும், நான் மறுபடி 20 கொண்டை ஊசி வளைவு ஏறியிருப்பேன். பழைய போர்டு எதனால் போனது என்று தெரிகிற வரைக்கும் புது போர்டை மாட்டவே கூடாது. முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக, அன்று பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். இது ஜிஆர்பிஎல் ஃபர்ம்வேரில் (போர்டுக்குள் இருந்து மெஷினை இயக்கும் சாஃப்ட்வேர்) ஓடும், 24 வோல்ட் சப்ளை உள்ள சின்ன மர ரூட்டர்களுக்கானது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

1. கரண்டை எடுத்துவிட்டு, கண்ணால் பாருங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். யுஎஸ்பி கேபிளையும் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் விடுங்கள். அப்புறம் மூடியைத் திறந்து, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஏற்காட்டில் பனிமூட்டம் உள்ளே வரைக்கும் வரும். மரத்தூள் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போர்டின் மேல் பசை மாதிரி ஒட்டியிருக்கும். அதுவே சில சமயம் கோளாறு செய்யும்.

கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, எங்காவது கருகிய வாசனை வருகிறதா என்று பாருங்கள். அந்தத் தம்பியின் போர்டில் எக்ஸ் அச்சின் டிரைவர் சிப் (மோட்டாருக்குக் கரண்டை அனுப்பும் சிப்) நடுவில் கடுகளவு ஒரு பொத்தல். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது.

2. சப்ளையா, போர்டா?

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (230 வோல்ட்டை 24 வோல்ட் டிசி ஆக்கித் தரும் சப்ளை பெட்டி) போர்டுக்கு வரும் இரண்டு வயரைக் கழற்றி, ஒன்றையொன்று தொடாமல் தள்ளி வையுங்கள். இப்போது கரண்ட் கொடுத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் டிசி முனைகளில் மட்டும் மீட்டரை வையுங்கள். பக்கத்திலேயே 230 வோல்ட் முனைகள் இருக்கும், கை அந்தப் பக்கம் போகக் கூடாது. 24 வோல்ட் வரவில்லை என்றால் போனது எஸ்எம்பிஎஸ். போர்டு நன்றாகவே இருக்கலாம்.

24 வந்தால், மறுபடி பிளக்கைப் பிடுங்குங்கள். மீட்டரை பீப் மோடில் வைத்து, போர்டில் சப்ளை வயர் ஏறும் இரண்டு முனைகளையும் தொடுங்கள். ஒரு நொடி கத்திவிட்டு நின்றால் அது கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் சத்தம், பயமில்லை. விடாமல் கத்தினால் போர்டு ஷார்ட். அங்கே விடாமல் கத்தியது.

5 வோல்ட் முனையையும் கிரவுண்டையும் இதேபோலப் பாருங்கள். இதை முடிக்காமல் லேப்டாப்பை இணைக்காதீர்கள். ஷார்ட் ஆன போர்டு லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம்.

ஷார்ட் இல்லை, லேப்டாப்பிலும் இணைகிறது, ஆனால் ஒரு மோட்டாரும் அசையவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பல போர்டுகளில் யுஎஸ்பி கரண்டிலேயே விளக்கு எரியும், சாஃப்ட்வேரும் பேசும். மோட்டாருக்கு 24 வோல்ட் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 'அலாரம்' என்று வந்து நிற்பதும் கோளாறு இல்லை. ஹோமிங் (மெஷின் தன் தொடக்க இடத்தைத் தேடிப் போவது) போட்டிருந்தால் (செட்டிங் $22=1) ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அப்படித்தான் நிற்கும்.

3. ஒரே ஒரு அச்சு மட்டும் ஓடவில்லை என்றால்

கரண்டை அணைத்துவிட்டு எக்ஸ், ஒய் மோட்டார் கனெக்டர்களை இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு மோட்டாரோடு கூடவே போனால் மோட்டார் அல்லது கேபிள். போர்டில் அதே இடத்திலேயே நின்றால் டிரைவர். டிரைவர் சாக்கெட்டில் செருகும் வகையாக இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். திருப்பிச் செருகினால் அந்த நொடியே போய்விடும், அதனால் முனைப் பெயர்களைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

கரண்ட் இருக்கும்போது மோட்டார் கனெக்டரை ஒருபோதும் கழற்றாதீர்கள். ஓடும் காயிலின் இணைப்பு திடீரென்று அறுந்தால் வோல்டேஜ் எகிறி டிரைவரைக் கொன்றுவிடும்.

ஏற்காட்டில் நடந்தது அதேதான், கை படாமலே நடந்தது. எக்ஸ் மோட்டார் கேபிளின் இரண்டு முனையிலும் மீட்டரை பீப் மோடில் வைத்துக்கொண்டு, கேபிளை நீளவாக்கில் மெதுவாக மடக்கிக்கொண்டே வந்தேன். கேரேஜ் (வெட்டும் தலையைச் சுமந்து நகரும் பகுதி) போய்வரும்போது வளையும் இடத்தில் சத்தம் நின்றது. நிமிர்த்தினால் வந்தது. மேலே ரப்பர் முழுசாக இருக்கிறது, உள்ளே கம்பி அறுந்து தொட்டும் தொடாமலும் கிடக்கிறது. கேபிளை முதலில் மாற்றினோம். போர்டு அதற்கப்புறம்தான்.

4. பழைய செட்டிங்ஸ்

பழைய போர்டு லேப்டாப்போடு இன்னும் பேசுகிறது என்றால் சாஃப்ட்வேரில் $$ என்று டைப் செய்து கொடுத்து, வரும் பட்டியல் முழுவதையும் காப்பி எடுத்து வையுங்கள். பேசாவிட்டால் கணக்குப் போட வேண்டியதுதான். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவர் அதை 16 ஆகப் பிரிக்கிறது, லீட் ஸ்க்ரூ (மோட்டார் சுழற்ற, அச்சை நகர்த்தும் நீளத் திருகு) ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்றால், 200 × 16 ÷ 4 = 800. இது ஒரு மில்லிமீட்டருக்கான ஸ்டெப். $100, $101, $102 மூன்றும் முறையே எக்ஸ், ஒய், இசட் அச்சுகளுக்கு.

5. புது போர்டு மாட்டுதல்

வாங்கும்போது வோல்டேஜ், அச்சுகளின் எண்ணிக்கை, ஃபர்ம்வேர் மூன்றும் பழையதோடு ஒத்துப்போகட்டும். கழற்றும் முன் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். போர்டின் அடிப்பக்க ஈயம் இரும்புத் தகட்டைத் தொடாதபடி ஸ்பேசர் வைத்து முடுக்குங்கள். பிளஸ், மைனஸை இரண்டு தடவை சரிபாருங்கள்.

செருகும் ஏ4988 டிரைவர் என்றால் மோட்டாரை இணைக்கும் முன் கரண்ட் அளவைச் செட் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை டிரைவரின் குட்டித் திருகின் மேல். டிரைவரில் ஆர்100 என்று அச்சிட்ட ரெசிஸ்டர் இருந்தால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட், ஆர்050 என்றால் 0.4 வோல்ட். திருகை நூலளவு நூலளவாகத் திருப்புங்கள். இதுக்கு மேல் கரண்ட் வேண்டும் என்றால் ஹீட் சிங்க் ஒட்டாமல் ஏற்றாதீர்கள்.

6. முதல் ஓட்டம்

பிட் (வெட்டும் முனை) மாட்ட வேண்டாம். கேரேஜை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு அச்சையும் 10 மில்லிமீட்டர் மட்டும் நகர்த்துங்கள். தலைகீழாகப் போனால் $3-ஐ மாற்றுங்கள்: எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4. இரண்டு அச்சு தலைகீழ் என்றால் கூட்டிப் போடுங்கள்.

அடுத்து 100 மில்லிமீட்டர் போகச் சொல்லி ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். சரியாகப் பாதி, 50 மட்டும் போனால் ஸ்க்ரூ 2 மில்லிமீட்டர் வகையாக இருக்கலாம், 800-ஐ 1600 ஆக்குங்கள். கொஞ்சமே வித்தியாசம் என்றால் இருக்கும் எண்ணை 100 ஆல் பெருக்கி, அளந்த நீளத்தால் வகுங்கள். 98 போனால் 800 × 100 ÷ 98, அதாவது 816.3.

எல்லாம் சரியென்றால் பிட்டை மாட்டி, கழிவுப் பலகையில் 50 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டுங்கள். நான்கு பக்கத்தையும், அப்புறம் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். ஏற்காட்டில் இரண்டும் 70.7 வர வேண்டிய இடத்தில் 70.5 வந்தது. தம்பி அந்த சில்வர் ஓக் துண்டின் பின்னாலேயே செட்டிங்ஸ் எண்களை மார்க்கரால் எழுதி, போர்டு பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்துவிட்டார்.