1857ல இறந்துபோன வெர்மான்ட் எம்எல்ஏவை மந்தைவெளில உக்காந்து தேடறது எப்படி

அக்கா பொண்ணுக்கு காலேஜ்ல ஒரு அசைன்மென்ட். ஆரம்பகால அமெரிக்க மாநில சட்டசபை மெம்பர் யாராவது ஒருத்தரோட வாழ்க்கையும் சாவும், பத்து பக்கம். அவ எடுத்தது அலெக்சாண்டர் ட்வைலைட். 1836ல வெர்மான்ட் சட்டசபைக்கு ஜெயிச்சவரு, அமெரிக்காவுல மாநில சட்டசபைக்கு தேர்தல்ல ஜெயிச்ச முதல் கறுப்பினத்தவர்னு சொல்றாங்க. "மாமா, எங்க பாத்தாலும் அதே ரெண்டு பாராதான், ஒருத்தன பாத்து ஒருத்தன் காப்பி அடிச்சிருக்கான்"னு வந்து நின்னா. மூணு வீக்எண்ட் ரெண்டு பேரும் லேப்டாப்ப கட்டிக்கிட்டு அழுததுல தெரிஞ்சதை எழுதறேன், வேற யாரையாவது தேடறவங்களுக்கும் இதே வழிதான்.

முதல்ல, சாவுல இருந்து ஆரம்பிங்க. எல்லாரும் பொறந்த தேதியைத்தான் முதல்ல தேடுவாங்க, அது வேண்டாம். நம்ம வீட்டையே பாருங்க, கொள்ளுத்தாத்தா எப்ப பொறந்தாருன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, ஆனா அவரோட திதி மட்டும் வருஷா வருஷம் தப்பாம வரும். அங்கயும் அதே கதைதான். ஒரு மனுஷன் பொறக்கும்போது இவன் பெரிய ஆளா வருவான்னு யாருக்கு தெரியும், சாகும்போதுதான் கல்லறை, பேப்பர்ல ரெண்டு வரி, சொத்து, கடன், கோர்ட்டுன்னு காகிதம் சேரும்.

ட்வைலைட் இறந்தது 1857 ஜூன் 19. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1855ல பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. பிரவுனிங்டன்னு ஒரு சின்ன ஊரு, அங்க சர்ச் பக்கத்துலதான் அடக்கம். ஃபைண்ட் எ கிரேவ்னு ஒரு சைட் இருக்கு, ஃப்ரீ, கல்லறையை யாராவது போட்டோ எடுத்து போட்டிருப்பாங்க. அந்த பக்கத்துல டைப் பண்ணி வச்சிருக்கற வாழ்க்கைக் குறிப்பை நம்பாதீங்க, கல்லை ஜூம் பண்ணி நீங்களே படிங்க. அந்தக் காலத்து கல்லுல நிறைய இடத்துல பொறந்த தேதியே இருக்காது, "இத்தனை வருஷம், இத்தனை மாசம், இத்தனை நாள்"னு வயசுதான் இருக்கும், அதை இறந்த தேதியில இருந்து கழிச்சுக்கணும். பழகிக்கறதுக்கு இவரையே போட்டு பாருங்க: பொறந்தது 1795 செப்டம்பர் 23, அப்ப 61 வருஷம் 8 மாசம் 27 நாள் வரணும்.

(கல்லறை படிச்சு பழகணும்னா அமெரிக்கா எல்லாம் போக வேண்டாம், நம்ம ஹைகோர்ட் காம்பவுண்டுக்குள்ளயே, மெட்ராஸ் கவர்னரா இருந்த எலிஹு யேலோட பையன் டேவிட் கல்லறை இருக்கு, 1688. அந்த யேல் பேருலதான் அங்க யூனிவர்சிட்டி.)

அடுத்தது ப்ரோபேட். ஆளு போனதுக்கப்புறம் சொத்தை கோர்ட் மூலமா பிரிக்கற ரெக்கார்டு. மாடு எத்தனை, புக்கு எத்தனை, யாருகிட்ட எவ்வளவு கடன்னு சில ஃபைல்ல லிஸ்டே இருக்கும், ஒரு மனுஷனோட வீட்டுக்குள்ள போய் பாக்கற மாதிரி. ஃபேமிலிசர்ச்னு பழைய குடும்ப ரெக்கார்டு சைட் ஒண்ணு இருக்கு, அதுல ஃப்ரீயா அக்கவுண்ட் ஓபன் பண்ணி மாநிலம், கவுன்டின்னு (நம்ம ஜில்லா மாதிரி) உள்ள போங்க. பேர் போட்டு தேடி ஒண்ணும் வரலைன்னா ரெக்கார்டே இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க, பாதி வால்யூம் ஸ்கேன் மட்டும்தான் பண்ணியிருப்பாங்க, பேர் வாரியா பிரிச்சிருக்க மாட்டாங்க, பக்கம் பக்கமா தள்ளித்தான் ஆகணும். கையெழுத்து நம்ம டாக்டர் சீட்டை விட மோசம்.

இப்ப சென்சஸ், நாங்க மாட்டிக்கிட்டது இங்கதான். அமெரிக்க சென்சஸ் 1790லயே ஆரம்பிச்சுடுச்சு, ஆனா 1840 வரைக்கும் வீட்டுத் தலைவர் பேர் மட்டும்தான் எழுதுவாங்க, மத்தவங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1850லதான் வீட்ல இருக்கற, அடிமையா இல்லாத எல்லாரோட பேரும், வயசும், நிறமும், பொறந்த இடமும் வந்துச்சு. அடடா இதுதான் வேணும்னு 1850ஐ தேடுனா ஆளையே காணோம். அக்கா பொண்ணு ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி ஒரு சனிக்கிழமை பூரா ஓட்டிட்டா. விஷயம் என்னன்னா, 1847ல இருந்து 1852 வரைக்கும் அவரு கனடாவுல, கியூபெக் பக்கம் வாத்தியாரா இருந்தாரு. திரும்பி வந்தவரு 1860 சென்சஸுக்கு முன்னாடியே போய் சேர்ந்துட்டாரு. அதனால தேடறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளை பேப்பர்ல வருஷத்தை வரிசையா போட்டு, ஆளு அப்ப எந்த ஊர்லன்னு பக்கத்துல எழுதிக்கோங்க. எங்களுக்கு இது லேட்டா தோணுச்சு.

பதவிக்காலம் பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க. நம்ம மாதிரி அஞ்சு வருஷம் கிடையாது, வெர்மான்ட்ல அப்பல்லாம் வருஷா வருஷம் எலெக்‌ஷன், பெரிய ஊரோ சின்ன ஊரோ ஊருக்கு ஒரே ஒரு மெம்பர். நீங்க பாக்க வேண்டியது அந்த வருஷத்து சட்டசபை ஜர்னல், பழைய புக்கை ஸ்கேன் பண்ணி வச்சிருக்கற ஹாத்திடிரஸ்ட், இன்டர்நெட் ஆர்கைவ்ங்கற சைட் ரெண்டுலயும் மாநிலம் பேரும் வருஷமும் போட்டு தேடுங்க. பேச்சை வரிக்கு வரி எதிர்பாக்காதீங்க, யார் என்ன தீர்மானம் கொண்டு வந்தாங்க, எந்த மனு வந்துச்சு, யார் எந்தப் பக்கம் ஓட்டு போட்டாங்க, அவ்வளவுதான். ஆனா அதுலயே ஆளு எதுக்காக அங்க போனாருன்னு பிடிச்சுடலாம். ட்வைலைட் அடிப்படையில ஒரு ஹெட்மாஸ்டர். ட்ரஸ்டிங்க காசு தரமாட்டோம்னு சொன்னப்பவும் பிடிவாதமா நாலு மாடிக்கு கருங்கல்லுல ஹாஸ்டல் கட்டினவரு, அது இன்னைக்கு மியூசியம். கவுன்டிக்கு ஒரே ஸ்கூலா இருந்தப்ப வந்த பணத்தை இன்னொரு ஸ்கூலோட பங்கு போடணும்னு பேச்சு வந்துச்சு, அதை எதிர்த்து நிக்கத்தான் சட்டசபை போனாரு, நடக்கல. இதை விட்டுட்டு "முதல் முதல்"னு மட்டும் எழுதினா அவரு வெறும் பொதுஅறிவு கேள்வியா போயிடுவாரு.

அந்த "முதல்" பத்தியும் ஒரு வார்த்தை. அவரு மிடில்பரி காலேஜ்ல டிகிரி வாங்கினது 1823. அமெரிக்காவுல முதல் கறுப்பின பட்டதாரி யாருன்னு ஆம்ஹர்ஸ்ட், போடன்னு ரெண்டு காலேஜும் 1826ல டிகிரி வாங்கின அவங்கவங்க ஆளை காட்டுச்சு, மிடில்பரி மூணு வருஷம் முந்தின இவரை காட்டுச்சு. சட்டசபை விஷயத்துலயும் 1642ல மேரிலாந்து சபையில மத்தியாஸ் டி சோசா உக்காந்திருக்காரேன்னு ஒருத்தர் வருவாரு, ஆனா அப்ப அது மாநிலமே இல்ல, காலனி. நம்ம முத்துலட்சுமி ரெட்டி 1927ல மெட்ராஸ் கவுன்சிலுக்கு போனது நியமனத்துல, அவங்களை முதல் பெண் எம்எல்ஏன்னு எழுதும்போது அதை சேர்த்து எழுதறோம்ல, அதே மாதிரி "மாநில", "தேர்தல்ல" ரெண்டையும் விடாம எழுதுங்க.

போட்டோ போடறவங்க கவனம். வெர்மான்ட் தலைநகர் மான்ட்பீலியர்ல இப்ப இருக்கற சட்டசபை கட்டிடம் 1859ல முடிஞ்சது, அதுக்கு முந்தினது அவரு இறந்த அதே 1857 ஜனவரியில எரிஞ்சு போச்சு. இப்ப இருக்கறதோட படத்தை போட்டு "இங்குதான் பணியாற்றினார்"னு எழுதாதீங்க, எங்க பத்து பக்கத்துல அது மூணாவது பக்கத்துல இருந்துச்சு, நல்லவேளை பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி பாத்தோம். அப்புறம் பேரை முழுசா போட்டு மேற்கோள் குறிக்குள்ள தேடுங்க, ட்வைலைட்னு மட்டும் போட்டா சூரிய அஸ்தமனமா வந்து கொட்டும்.

நெட்ல கிடைக்காதது மிச்சம் இருந்தா அந்த ஊர் ரெக்கார்டு எல்லாம் வச்சிருக்கற டவுன் கிளார்க்குக்கு ஒரு மெயில். வெர்மான்ட்ல பிறப்பு இறப்பு, நிலப் பத்திரம் எல்லாம் பெரும்பாலும் ஊர் லெவல்லதான் இருக்கும், கவுன்டியில தேடி அலையாதீங்க. பேரு, வருஷம், என்ன ரெக்கார்டு வேணும்னு மூணு வரி போதும், காப்பிக்கு காசு எவ்வளவுன்னும் சேர்த்து கேட்டுடுங்க. வெயில் காலத்துல அவங்க நம்மள விட ஒன்பதரை மணி நேரம் பின்னாடி, அதனால நைட்டு ஏழு மணிக்கு மேல அனுப்புங்க, அப்பதான் அங்க ஆபீஸ் திறந்திருக்கும்.