ஊர்ப் பயணத்தில் வாகனம் நின்றுவிட்டால்: திருத்தச் செலவு யாருடையது, எவ்வளவு, எப்படிப் பேசுவது

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். விமானத்தில் வந்து இறங்கிய களைப்போடும், பெட்டிகள் நிறைந்த வான் வண்டியோடும், பெரும்பாலும் இரவு நேரத்தில்தான் நம்மவர்கள் அந்தத் தூரத்தைக் கடக்கிறார்கள். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாகனம் நின்றால் ஓர் இலக்கத்துக்கு அழைத்துவிட்டுக் காத்திருந்து பழகிய நமக்கு, கனகராயன்குளத்துக்கு அப்பால் இருட்டில் வாகனம் நிற்கும்போது யாரை அழைப்பது, யார் பணம் கொடுப்பது, கேட்கும் தொகை நியாயமானதா என்ற மூன்று கேள்விகளும் ஒரே நேரத்தில் எழுகின்றன. முதலிரண்டு கேள்விகளுக்கும் புறப்படுவதற்கு முன்பே விடை வைத்திருக்க முடியும். அப்படி வைத்திருப்பவருக்கு மூன்றாவது கேள்வியும் அரைவாசி தீர்ந்துவிடும்.

சாரதியோடு வாகனத்தை வாடகைக்கு அமர்த்துவதே எல்லாவற்றிலும் சிக்கல் குறைந்தது. வாகனம் பழுதடைந்தால் அதைத் திருத்துவது உரிமையாளரின் பொறுப்பு என்பது பொதுவான வழக்கம். ஆனாலும், வழியில் நின்றுபோனால் மாற்று வாகனம் அனுப்புவாரா, அனுப்பும்வரை ஆகும் தங்குமிடச் செலவு யாருடையது, ஓடாத நாளுக்கும் நாள்வாடகை கணக்கிடப்படுமா என்பவற்றை முற்பணம் கொடுக்கும்போதே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சை யாரும் வேண்டுமென்று மறுப்பதில்லை என்றாலும், பேசியவர் ஒருவரும் வாகனத்தோடு வந்தவர் இன்னொருவருமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

நாமே ஓட்டுவதற்கு எடுக்கும் வாடகை வாகனத்தில் ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசிக்க வேண்டும். ரயர் வெடிப்பு, கண்ணாடி உடைவு, கிளச் தேய்வு ஆகியவை பல ஒப்பந்தங்களில் வாடகைக்கு எடுத்தவரின் கணக்கிலேயே விழும். திருத்த வேலைக்கு முன் உரிமையாளரின் சம்மதம் பெறாவிட்டால் செலவைத் திருப்பித் தரமாட்டோம் என்ற விதியும் இருக்கும். வைப்புப் பணத்தை எந்தச் சூழலில் பிடித்துக்கொள்வார்கள் என்பதைக் கேட்டறிந்து, வாகனத்தைப் பொறுப்பேற்கும்போது கிலோமீற்றர் அளவையும் நான்கு பக்கங்களையும் காணொளியாக எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வகை, சொந்தக்காரரின், அதாவது உறவினரின், வாகனம். நம்மவர்களின் பயணங்களில் மனக்கசப்பு மிக அதிகமாகப் பிறப்பது இதில்தான். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமா தன் காரைத் தந்து “எடுத்துக்கொண்டு போ தம்பி, என்ன கணக்குப் பார்க்கிறாய்” என்று சொல்லும்போது அது உண்மையான அன்புதான். ஆனால் அந்தக் கார் முப்பது நாட்களில் ஓடும் தூரத்தை இரண்டு வாரத்தில் ஓடி, கியர்ப் பெட்டியில் சத்தம் கேட்கும் நிலையில் அதைத் திருப்பிக் கொடுத்தால், அவர் எதுவும் கேட்கமாட்டார் என்பதே பிரச்சினை. கேட்காமல் இருப்பார், நாம் விமானம் ஏறிய பிறகு வீட்டில் பேச்சு வரும். ஆகவே, புறப்படும் முன் நாமே வாயைத் திறந்து, ஓடும் காலத்தில் ஏற்படும் எந்தப் பழுதும் என்னுடையது, அதற்கு முன்பே இருந்த குறைகளை இப்போதே ஒரு கராச்சில் பார்த்துவிடுவோம், அந்தப் பார்வைக்கும் நானே கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவது இருவருக்கும் மரியாதை. அவர் பணத்தை வாங்க மறுத்தால், திரும்பி வந்ததும் ஒயில் மாற்றி, தேய்ந்த ரயர்களைப் புதிதாகப் போட்டுக் கொடுக்கலாம். பணத்தை மறுப்பவர்கள் ரயரை மறுப்பதில்லை.

சொந்தக்காரரின் வாகனத்தில் இன்னொரு பொறியும் உண்டு. வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தையோ சர்வதேச அனுமதிப்பத்திரத்தையோ மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் வாகனம் ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேசன் ஒவ் சிலோன் அலுவலகத்தில் ஏற்புறுதி செய்ய வேண்டும்; அல்லது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரத்தைப் பெற வேண்டும். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இந்தத் தற்காலிக அனுமதிப்பத்திரத்துக்கான கருமபீடம் இயங்கத் தொடங்கியது. இந்தத் தாள் இல்லாமல் ஓட்டி ஏதாவது நடந்தால், பொலிஸ் விடயம் ஒரு பக்கம் இருக்க, வாகனம் முழுக்காப்புறுதி செய்யப்பட்டதாக இருந்தாலும் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. அதேபோல், தெரிந்தவரின் தனியார் காரைப் பணம் கொடுத்து வாடகைக்கு எடுப்பதும் ஆபத்தானது. தனிப்பட்ட பாவனைக்கென எடுத்த காப்புறுதி, வாடகை ஓட்டத்தில் நேர்ந்த விபத்துக்குப் பொதுவாகக் கைகொடுக்காது. இயந்திரக் கோளாறையோ தேய்மானத்தையோ வாகனக் காப்புறுதி பொதுவாகத் தன் கணக்கில் எடுப்பதில்லை. ஆனாலும் முழுக்காப்புறுதிகள் சிலவற்றில் வழித்துணைச் சேவை சேர்ந்திருக்கிறது. காப்புறுதி அட்டையின் பின்பக்கத்திலுள்ள 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்து, இந்த வாகனத்துக்கு அது உண்டா என்று முன்பே கேட்டுவிடலாம்.

ஊரில் நெடுநாள் நின்ற வாகனத்தை ஒருபோதும் நேரே நெடுஞ்சாலைக்கு எடுக்கக் கூடாது. நானே அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். ரயர்களின் பூ, அதாவது தரையில் படும் வரிகள், முழுதாக இருந்ததால் புதியவை என்று நம்பி ஏறினேன். மாங்குளத்துக்கு முன் பின் ரயர் ஒன்று தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. ரயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் றப்பர் முதுமையடையும். பற்றரி, காற்றாடிப் பட்டி, றேடியேற்றர்க் குழாய், எலி கடித்த வயர் ஆகியவையும் நின்ற வாகனத்தின் வழக்கமான நோய்கள். யப்பானிலிருந்து வந்த சில ஹைபிரிட் கார்களில் ஸ்பெயார் வீலே இருக்காது. அதற்குப் பதிலாக ஒட்டுத்திரவப் போத்தலும் சிறிய காற்றுப் பம்பும் வைத்திருப்பார்கள். அந்தத் திரவத்துக்கும் காலாவதித் திகதி உண்டென்பதை உரிமையாளர்களே பலர் கவனிப்பதில்லை.

வாகனம் சூடேறுவது வறண்ட வலயத்தின் பகல் ஓட்டத்தில் மிகச் சாதாரணமானது. பல சிறிய யப்பானியக் கார்களில் வெப்பத்தைக் காட்டும் முள் இல்லை, சிவப்பு விளக்கு ஒன்று மட்டுமே உண்டு. அது எரிந்த பிறகு அடுத்த ஊர்வரை போய்ப் பார்ப்போம் என்று ஓட்டினால், சில ஆயிரம் ரூபாயில் தீர வேண்டிய குழாய் வேலை என்ஜினைப் பிரிக்கும் வேலையாக மாறிவிடும். குளிரூட்டியை நிறுத்தி, ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, குறைந்தது அரை மணிநேரம் ஆறவிட்ட பிறகே றேடியேற்றர் மூடியில் கை வைக்க வேண்டும். ஹைபிரிட் கார்களில் பின் இருக்கைப் பக்கத்திலுள்ள காற்றுத் துவாரத்தைப் பயணப் பைகளால் அடைப்பதும் பெரும் பற்றரியைச் சூடேற்றும். நம்மவர்களின் பெட்டிக் கணக்குக்கு இது மிகப் பொருத்தமான எச்சரிக்கை.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 பாதையில் வவுனியாவே கடைசிப் பெரிய திருத்தகம் என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. அங்கிருந்து கிளிநொச்சிவரை ஏறத்தாழ 75 கிலோமீற்றருக்கு ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று சிற்றூர்களே வருகின்றன. ரயர் ஒட்டும் கடை கிடைக்கும். கணினி வைத்துப் பழுது பார்க்கும் கராச்சை எதிர்பார்க்க முடியாது. ஆகவே வவுனியாவை அடையும்போது ஏதாவது ஒரு சத்தமோ மணமோ சந்தேகமாக இருந்தால் அங்கேயே நிறுத்திப் பார்ப்பது நல்லது. மன்னாரிலிருந்து பூநகரி வழியே செல்லும் ஏ32 பாதை, 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் பலருக்கும் பிடித்துப்போன வழியாகிவிட்டது. ஆனால் இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் பக்கங்களில் ஆளரவமற்ற நீண்ட துண்டுகள் உள்ளன; பழைய வாகனத்தோடு இரவில் அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நின்ற இடத்தைத் தொலைபேசியில் சொல்லும்போது வீதியோரக் கிலோமீற்றர்க் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். கண்டியிலிருந்து கணக்கிடப்படும் அந்த எண்ணே வரைபடச் செயலியைவிட விரைவாக ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஊரவர்கள் சில இடங்களைப் பழைய மைல் கணக்கிலேயே, கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்பதுபோல, இன்றும் குறிப்பிடுகிறார்கள் என்பதால், சொல்வது கிலோமீற்றரா மைல்க்கட்டையா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். இரவில் ஏ9இல் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். அவற்றைத் தவிர்த்து வளைத்து வரும் லொறிக்கு நிற்கும் வாகனம் கடைசி நொடியில்தான் தெரியும். எனவே எல்லோரையும் இறக்கி வீதியிலிருந்து விலகி நிற்கச் செய்வதே முதல் வேலை. ஆனால் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள முகமாலைப் பகுதியில் நின்றால் பற்றைக்குள் இறங்க வேண்டாம். அங்கு கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நீடித்து வந்திருக்கிறது; மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகையைக் கண்டால் தார் வீதியை விட்டு விலகவே கூடாது. அவசரத்துக்குப் பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990.

இழுத்துச் செல்ல வேண்டிய நிலை வந்தால், ஹைபிரிட் காரையும் தானியங்கிக் கியர்க் காரையும் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இயக்கும் சக்கரங்கள் வீதியில் உருண்டால் கியர்ப் பெட்டியோ மோட்டாரோ கெடும். தட்டுள்ள கரியர் லொறியையே அழைக்க வேண்டும். அதன் வாடகையைப் பேசும்போது, லொறி புறப்படும் இடத்திலிருந்தா நாம் நிற்கும் இடத்திலிருந்தா கணக்கு, திரும்பும் தூரமும் சேருமா, இரவுக்கு மேலதிகமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டே வரச்சொல்ல வேண்டும். அருகிலுள்ள கராச்சுக்கு இழுப்பதா, அடுத்த நகரத்துக்கு இழுப்பதா என்ற தீர்மானத்தை லொறிக்காரரிடம் விட்டுவிடக் கூடாது. என் அனுபவத்தில், இரண்டு முறை இழுக்கக் கொடுத்த பணம் பழுதுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாக இருந்ததுண்டு.

கராச் என்றால் எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். என்ஜின் பார்ப்பவர் ஒருவர், வயரிங் பார்ப்பவர் இன்னொருவர், ரின்கரிங் எனப்படும் தகட்டு வேலையும் பெயின்ரும் வேறிடம், ரயர் வேறிடம். குருநாகல், தம்புள்ளைப் பக்கத்தில் நின்றால் மெக்கானிக்கைப் ‘பாஸ்’ என்று அழைப்பது வழக்கம். சிங்களம் தெரியாவிட்டால், தெரிந்த உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசவிடுவது, கையால் காட்டிப் பேசுவதைவிடப் பணத்தை மிச்சப்படுத்தும்.

விலை பற்றி ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022இல் ரூபாய் சரிந்து, 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் 360ஐத் தொட்டது. பின்னர் 300ஐ அண்டி நிலைகொண்டது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாகியது. அதனால் பழைய வாகனங்கள் நெடுங்காலம் ஓடுகின்றன, உதிரிப்பாகங்களின் விலை முன்பு வந்தபோது கொடுத்ததோடு ஒப்பிட முடியாததாக இருக்கிறது. கேட்ட விலை கூடுதலாகத் தெரிந்தவுடன் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டுவது தவறு. கேட்ட விலையைப் பவுணுக்கு மாற்றிப் பார்த்து, இவ்வளவுதானா என்று மறுபேச்சின்றிக் கொடுப்பதும் அதேயளவு தவறு. நாம் கொடுத்துவிட்டுப் போகும் விலையே பிறகு ஊரவருக்கும் விலையாகிறது.

உதிரிப்பாகத்தில் மூன்று தரம் உண்டு: தயாரித்த நிறுவனத்தின் ஜெனுயின் பாகம், யப்பானிய வாகனங்களிலிருந்து கழற்றி வந்த ரீகண்டிஷன் பாகம், கொப்பி எனப்படும் போலி. எந்தத் தரத்துக்கு எந்த விலை என்று தனித்தனியாகக் கேட்டு, பாகத்தின் விலையையும் கூலியையும் பிரித்து எழுதித் தரச்சொல்ல வேண்டும். பிறேக், ஸ்டியரிங் தொடர்பான எதற்கும் கொப்பி வேண்டாம். யன்னல் மோட்டார், கண்ணாடி, விளக்கு போன்றவற்றுக்கு ரீகண்டிஷன் தாராளமாகப் போதும். வடக்கில் கிடைக்காத பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும்; அங்கே ஒருவர் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் காலையில் கைக்கு வந்துவிடும். பழைய பாகத்தின் படத்தையும், காரின் சேசிஸ் இலக்கத்தையும் அனுப்பாமல் வாங்கச் சொன்னால் பொருந்தாத ஒன்று வந்து இன்னொரு நாள் வீணாகும். ஞாயிறும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினமும் சித்திரைப் புத்தாண்டுக் கிழமையும் இந்தக் கணக்கைக் குழப்பும்.

“கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்” என்று மெக்கானிக் சொல்வது பல வேளைகளில் உண்மை. அப்போது, கழற்றிப் பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டு அதற்கு மட்டும் சம்மதம் கொடுங்கள். கண்டதைப் படம் எடுத்து வாகன உரிமையாளருக்கு அனுப்பி, அவர் ஓம் என்ற பிறகே அடுத்த வேலை. மாற்றிய பழைய பாகத்தை வேலை முடியும்வரை எறியவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறிய கராச்சுகளில் அட்டை எடுபடாது, ஆகையால் ரூபாயாகப் பணம் வைத்திருப்பது அவசியம். முழுத்தொகையையும் முற்பணமாகக் கொடுக்காமல், பாகத்தின் விலையை முதலிலும் கூலியை ஓட்டிப் பார்த்த பிறகும் கொடுக்கலாம். கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் வாடகை நிறுவனத்திடமோ காப்புறுதியிடமோ எதையும் திரும்பப் பெற முடியாது. கடையில் விலைப் பிணக்கு தீராமல் போனால் நுகர்வோர் விவகார அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

சொந்தக்காரரின் காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், மாற்றிய பாகங்கள், திகதி, அப்போதைய கிலோமீற்றர் அளவு, கராச்சின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டுகளோடு டாஷ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள். திருத்திய பாகம் மூன்று மாதத்தில் மீண்டும் பழுதானால், உத்தரவாதம் கேட்டுப் போவதற்கு அந்தத் தாள் மாமாவுக்கு வேண்டியிருக்கும்.