புது வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: பிளானுக்கு முன்னால் பெட்டியைப் பாருங்கள்

சாவி வாங்கி, பால் காய்ச்ச நாளும் பார்த்தாயிற்று என்றால் அடுத்து எல்லோரும் கேட்பது, "எந்த கம்பெனி பிளான் நல்லது?" அந்தக் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். சிங்கப்பூரில் யாரிடம் வாங்கினாலும் பெரும்பாலும் வாசல்வரை வருவது அதே கண்ணாடியிழைதான். வீட்டுக்குள் அது எங்கே வந்து முடிகிறது, அங்கிருந்து பிள்ளைகளின் அறைக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் வேகமே இருக்கிறது. அதை முடிவுசெய்ய வேண்டிய நேரம் ரெனவேஷன் தொடங்குவதற்கு முன்பு.

படி 1: யாருக்கு எது பொறுப்பு

நாடு தழுவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பு 2010 செப்டம்பரில் வணிகச் சேவைக்கு வந்தது. அதில் மூன்று அடுக்கு. தரைக்கடியில் ஓடும் இழை, புளோக்கில் மாடிக்கு மாடி கேபிள் ஏறும் ரைசர், உங்கள் சுவரில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டி எல்லாம் நெட்லிங்க் நிறுவனத்தின் பொறுப்பு. அந்த இழையில் கருவி பொருத்தி சிக்னல் அனுப்புவது இரண்டாவது அடுக்கு. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, வியூக்வெஸ்ட் என்று நமக்கு மாதா மாதம் பில் அனுப்புகிறவர்கள் மூன்றாவது அடுக்கு. நீங்கள் பேச வேண்டியது பில் அனுப்புகிறவரிடம் மட்டும்தான். பழுது எந்த அடுக்கில் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

படி 2: வெள்ளைப் பெட்டியைத் தேடுங்கள்

இதை டெர்மினேஷன் பாயிண்ட், சுருக்கமாக 'டிபி' என்பார்கள். உள்ளங்கை அளவு இருக்கும், எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கீழே இரண்டு போர்ட் இருக்கும். தெங்கா, பொங்கோல் பக்கம் அரசாங்கம் புதிதாகக் கட்டி விற்கும் பிடிஓ வீடுகளில் வாசல் அருகே மின்பெட்டி இருக்கும் மூலையிலோ அதை ஒட்டிய அலமாரியிலோ பாருங்கள். ஈசூன், அங் மோ கியோ போன்ற பழைய பேட்டைகளில் மறுவிற்பனை வீடு வாங்கியவர்கள், வாசலுக்கு மேலிருந்து வரும் வெள்ளை டிரங்கிங்கை, அதாவது கேபிளை மூடும் பிளாஸ்டிக் உறையை, கண்ணால் பின்தொடர்ந்தால் போதும். பெரும்பாலும் டிவி வைக்கும் சுவரில் போய் முடியும்.

கிடைத்ததும் ஸ்டிக்கரோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதிவு செய்யும்போது எண்ணைக் கேட்கலாம். பெட்டியே இல்லையென்றால் புதிதாகப் பொருத்த வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு.

படி 3: ரவுட்டர் எங்கே, கேபிள் எந்த வழி

மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தால்கூட இதற்கு ஈடாகாது.

ரவுட்டரை ஒளித்து வைக்கத்தான் நமக்கு ஆசை. வயர் தெரியக் கூடாது, விளக்கு மினுக்கக் கூடாது. அதனால் அது ஸ்டோர் ரூமுக்குப் போகிறது. 1998-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் அந்த ஸ்டோர் ரூம்தான் பாம் ஷெல்ட்டர்: தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வைஃபை அலையை அடக்க இதைவிட நல்ல இடம் வீட்டில் வேறு கிடையாது. சுவரைக் குடைந்து கேபிளை வெளியே எடுக்கலாம் என்று எந்தக் கான்ட்ராக்டராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது காப்பறை, அதன் சுவரை இஷ்டத்துக்குக் குடைய விதி இடம் தராது.

சாமி அலமாரியின் தலையில் ரவுட்டரை ஏற்றும் வீடுகளும் உண்டு. உயரமான இடம் என்பதால் அலைக்கு நல்லதுதான், விளக்குச் சூடும் எண்ணெய்ப் புகையும்தான் கருவிக்கு ஆகாது.

சரியான இடம் வீட்டின் நடுப்பகுதி, திறந்த வெளி, இடுப்பு உயரத்துக்கு மேல். ஆனால் டிபி வாசல் மூலையில் இருக்கிறதே? புதிய பிடிஓ வீட்டில் கூடத்திலும் அறைகளிலும் சுவரில் டேட்டா பாயிண்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் சாக்கெட்) ஏற்கெனவே இருக்கும். அவற்றின் மறுமுனைகள் வாசல் மூலைக்கே வந்து சேரும். கம்பெனி தருவது ஓஎன்டி (ஃபைபரில் வரும் ஒளியை ரவுட்டருக்குப் புரியும் சிக்னலாக மாற்றும் பெட்டி), ரவுட்டர் என்று தனித்தனிப் பெட்டிகளானால், ஓஎன்டியை வாசல் மூலையில் விட்டுவிட்டு, அங்கிருந்து டேட்டா பாயிண்ட் வழியாகக் கூடத்துக்கு இழுத்து ரவுட்டரை அங்கே வையுங்கள். இரண்டும் ஒரே பெட்டியாக வந்தால் அது மூலையில் இருக்கட்டும். கூடத்தில் தனியாக ஒரு அக்சஸ் பாயிண்ட் (வைஃபை மட்டும் பரப்பும் பெட்டி) மாட்டி, இரண்டையும் கேபிளால் இணையுங்கள். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் ரவுட்டர் வாங்கினாலும் அதேதான், பெட்டிகளைக் கேபிளால் இணையுங்கள். ஒரு மெஷ் பெட்டி இன்னொன்றோடு காற்று வழியாகப் பேசினால் வேகம் வழியிலேயே குறையும்.

பழைய வீட்டில் டேட்டா பாயிண்ட் இருக்காது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே கேட் 6 நெட்வொர்க் கேபிளை டிரங்கிங்கில் ஓடவிடச் சொல்லுங்கள். 55 மீட்டர்வரை 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 கிகாபிட்) தாங்கும் கேபிள் அது, நம் வீடுகளுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

டிவி கேபினட் செய்கிற தச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். டிபியின் மேல் பலகையை அடித்து மூடிவிட்டால் பிறகு கேபினட்டை அறுப்பதைத் தவிர வழியில்லை. டிபியைக் கழற்றி நகர்த்தவும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் இழை தலைமுடி அளவு கண்ணாடி. உடைந்தால் டேப் சுற்றி ஒட்ட முடியாது, அதற்கான கருவியோடு ஆள் வந்துதான் இணைக்க வேண்டும். இடம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் முறைப்படி விண்ணப்பித்து, கட்டணம் கட்டி மாற்றுங்கள்.

படி 4: இப்போது பிளான்

பல ஆண்டுகளாக வீடுகளுக்கு வந்தது ஜிபான் தொழில்நுட்பம். அதில் ஓர் இழையின் 2.5 ஜிபிபிஎஸ் கொள்ளளவைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். 10 ஜிபிபிஎஸ் கொடுப்பது அதற்கு அடுத்து வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான். கட்டமைப்பை இதற்கு ஏற்ப உயர்த்த 100 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிவரை செலவிடுவதாக 2024 பிப்ரவரியில் அரசாங்கம் அறிவித்தது. அதன்பிறகு கடைத்தொகுதிச் சாவடிகளில் காதில் விழுவதெல்லாம் '10ஜி'தான்.

4கே படம் ஒன்று ஓட 25 எம்பிபிஎஸ் தாராளம் (1,000 எம்பிபிஎஸ் சேர்ந்தது 1 ஜிபிபிஎஸ்). நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கொரு திரை ஓடினாலும் 1 ஜிபிபிஎஸ்ஸில் பாதிகூடத் தீராது. பெரிய கோப்புகளை நாள்தோறும் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு 10 ஜிபிபிஎஸ் உதவும், அதுவும் கணினியில் 10 ஜிபிபிஎஸ் போர்ட் இருந்தால். விலை ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக் காலம், பாதியில் விலகினால் அபராதம், ரவுட்டர் இலவசமா வாடகையா என்பதை எழுத்தில் பாருங்கள்.

படி 5: பொருத்தும் நாள்

கருவிகளை அனுப்பி உங்களையே பொருத்தச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. மெல்லிய ஃபைபர் வயரின் முனை பச்சை நிறத்தில் இருக்கும். தூசி மூடியைக் கழற்றி, முனையைத் தொடாமல், டிபியில் 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை செருகுங்கள். எந்த போர்ட் என்று கம்பெனி அனுப்பிய செய்தியில் இருக்கும். மாற்றிச் செருகினால் ஓஎன்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மினுக்கும். வயரை மடித்து அழுத்தினாலும் அதே சிவப்புதான், தளர்வான வளையமாக விடுங்கள். முனைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி வரும். 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்தால் இணைப்பு வந்துவிட்டது.

ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வீட்டில் அம்மா, அப்பா இந்த இணைப்பிலேயே வீட்டுத் தொலைபேசி வைத்திருந்தால் சொல்லிவையுங்கள்: மின்சாரம் போனால் ஓஎன்டி அணையும், போனும் அணையும். கைத்தொலைபேசியில் சார்ஜ் இருக்கட்டும்.

படி 6: வேகம் பார்ப்பது

முதலில் மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்துச் சோதியுங்கள். சாதாரண 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 940 எம்பிபிஎஸ் பக்கம் காட்டினால் எல்லாம் சரி. எந்த பிளான் எடுத்திருந்தாலும் அந்த போர்ட்டில் அதற்கு மேல் வராது. பிறகு ஒவ்வோர் அறையிலும் வைஃபையில் பாருங்கள். கேபிளில் நன்றாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால் கம்பெனியை அழைத்துப் பயனில்லை, படி 3-க்குப் போங்கள். கேபிளிலேயே குறைந்தால் அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு அழையுங்கள்.

டிபியின் இன்னொரு போர்ட்டில் மூடி அப்படியே இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்து வேறு கம்பெனிக்கு மாறும்போது, பழைய இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதில் பொருத்திப் பார்த்துவிட்டு, பிறகு பழையதை நிறுத்தலாம்.