தோட்டத்துக் கேமராவுக்குச் சோலார் மின்சாரம்: கணக்கிலிருந்து இணைப்பு வரை

தென்னந்தோப்பின் மோட்டார் அறையில் செம்புக் கம்பிக்காகக் கேபிளை அறுத்துச் செல்லும் திருட்டு, பொள்ளாச்சிப் பகுதி விவசாயிகளுக்குப் பழைய தொல்லை. அங்கே கேமரா வைக்க விரும்புவோர், அதே மின் இணைப்பிலிருந்து கேமராவுக்கும் மின்சாரம் எடுத்தால், கேபிளை அறுத்த நொடியிலேயே கேமராவும் அணைந்துவிடும். ஆகவே, கேமராவுக்கென்று தனியாக ஒரு சிறிய சோலார் அமைப்பு இருப்பதே பாதுகாப்பு. சிம் கார்டில் இயங்கும் 12 வோல்ட் 4ஜி கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை இரவும் பகலும் இயங்க வைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

என் முதல் அமைப்பை மே மாத வெயிலை நம்பி வாங்கினேன்: 40 வாட் பேனல், 20 ஆம்பியர்-அவர் பேட்டரி (ஆம்பியர்-அவர் என்பது பேட்டரியின் கொள்ளளவு; 1 ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்பதைக் காட்டும்). கோடை முழுவதும் குறையின்றி ஓடிய அது, ஐப்பசி அடைமழை தொடங்கிய இரண்டாம் இரவே நின்றுபோனது. ஆள் நடமாட்டம் இல்லாத, இருள் அடர்ந்த மழை இரவுகளில்தான் கேமரா மிகவும் தேவைப்படுகிறது. அதனால் கணக்கு முழுவதையும் ஆண்டின் மிக மோசமான வாரத்தை வைத்தே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: கேமரா எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது?

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவை மட்டும் நம்பாமல், மின் அளவைக் காட்டும் மல்டிமீட்டரைக் கேமராவின் மின் வழியில் தொடராக இணைத்து, பகலில் ஒரு முறையும், இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது ஒரு முறையும் அளந்து பாருங்கள். தோப்பிலேயே அளப்பது நல்லது. ஏனெனில் சிக்னல் பலவீனமான இடத்தில் 4ஜி கேமரா கூடுதல் மின்சாரம் எடுக்கும். பகலில் 0.25 ஆம்பியர், இரவில் 0.5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஆம்பியரை 12 வோல்ட்டாலும் மணி நேரத்தாலும் பெருக்க வாட்-அவர் கிடைக்கும்: பகலின் 12 மணி நேரத்துக்கு 36, இரவின் 12 மணி நேரத்துக்கு 72, ஆக நாளொன்றுக்கு 108 வாட்-அவர். பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும், கேமராவுக்கு நிலையான வோல்ட்டேஜ் தரும் கன்வெர்ட்டரும் தமக்கென்று எடுத்துக்கொள்வதையும் சேர்த்து 130 என்று கொள்வோம்.

இரண்டாம் படி: பேட்டரி

மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் கேமரா ஓட வேண்டும் என்றால் 390 வாட்-அவர் கையிருப்பு தேவை. லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். எனவே 780 வாட்-அவர், அதாவது 12 வோல்ட்டில் 65 ஆம்பியர்-அவர் வேண்டும். சந்தையில் கிடைக்கும் 75 ஆம்பியர்-அவர் பேட்டரி இதற்குப் பொருந்தும். லித்தியம் அயன் பாஸ்பேட் வகையை 80 சதவீதம் வரை தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால், 12.8 வோல்ட் 40 ஆம்பியர்-அவர் போதும். விலை கூடுதல் என்றாலும், எடை குறைவும் நீண்ட ஆயுளும் கருதி, அடிக்கடி சென்று பார்க்க முடியாத இடத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

மூன்றாம் படி: பேனல்

100 வாட் பேனல் நாள் முழுவதும் 100 வாட் தருவதில்லை. தெளிந்த நாளில் முழு வெயிலுக்குச் சமமாக ஏறத்தாழ 5 மணி நேரமும், மேகமூட்டமான நாளில் 3 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோதான் கணக்கில் கொள்ளலாம். 130 வாட்-அவரை 3 மணி நேரத்தில் பெற 43 வாட் தேவை. வெப்பம், தூசி, பி.டபிள்யூ.எம் எனப்படும் எளிய வகைக் கன்ட்ரோலரின் இழப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் அது 66 வாட்டாக உயர்கிறது. மழைக்குப் பின் காலியான பேட்டரியையும் நிரப்பியாக வேண்டும் என்பதால் 100 வாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டு நாள் நல்ல வெயிலிலேயே பேட்டரி நிரம்பிவிடும்.

தென்னந்தோப்பில் பேனலை வைக்கும் இடம்தான் மிகவும் யோசிக்க வேண்டியது. பேனலின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் மின் உற்பத்தி பெருமளவு சரிந்துவிடும். மே மாதத்தில் நிழலின்றி இருந்த இடம் மார்கழியிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணக் கூடாது. டிசம்பர் இறுதியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்க, 20 மீட்டர் உயரமான மரத்தின் நண்பகல் நிழல் வடக்கே 13 மீட்டருக்கு மேல் நீளும். ஆகவே தெற்குப் பக்கம் திறந்த வெளியாக உள்ள இடத்தைத் தேர்ந்து, பேனலைத் தெற்கு நோக்கி 15 பாகை சாய்த்து வையுங்கள். அந்தச் சாய்வு மழைக்கால வெயிலுக்கும் உகந்தது, தூசியும் மழைநீரோடு வழிந்துவிடும்.

நான்காம் படி: இணைப்பு

10 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் போதுமானது. அதில் உங்கள் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், அடுத்துப் பேனல், கடைசியில் கேமரா. கன்ட்ரோலர் பேட்டரியின் வோல்ட்டேஜை அறிந்தே தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதால் இந்த வரிசை முக்கியம். கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். இணைத்து முடிக்கும் வரை பேனலைத் தடித்த துணியால் மூடி வைப்பது நல்லது. பேட்டரியின் நேர்மின் முனைக்கு மிக அருகிலேயே 10 ஆம்பியர் ப்யூஸ் ஒன்றும், கேமரா வழியில் 2 ஆம்பியர் ப்யூஸ் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

பேனல் 10 மீட்டர் தொலைவில் இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் பயன்படுத்துங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் முழு வெயிலின்போது ஒரு வோல்ட்டுக்கும் மேல் வீணாகும். 4 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டோடு நிற்கும்.

புதியவர்கள் பலர் கேமராவை இழப்பது இந்த இடத்தில்தான்: கன்ட்ரோலரின் வெளியீட்டு முனையில் 12 என்று எழுதியிருந்தாலும், அங்கே கிடைப்பது பேட்டரியின் வோல்ட்டேஜ்தான். சார்ஜ் ஆகும்போது அது 14.4 வரை உயரும். 12 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் கூடக்குறைய மட்டுமே தாங்கும் கேமராவுக்கு இது ஆபத்து. ஆகையால் உள்ளே வருவது 10 ஆனாலும் 15 ஆனாலும் வெளியே 12 வோல்ட்டையே நிலையாகத் தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டரை இடையில் வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரை வைத்து 230 வோல்ட்டாக்கி மீண்டும் அடாப்டரில் குறைப்பது வேண்டாம். இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே கேமராவைவிட அதிகம் எடுக்கக்கூடும்.

பேட்டரிப் பெட்டியைப் பேனலின் நிழலில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் வாயு வெளியேறச் சிறு வழி விட்டு அதற்கு நுண்ணிய வலை அடியுங்கள். கம்பி நுழையும் துளைகளை நன்றாக அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் புகுந்து கன்ட்ரோலரைக் கெடுப்பது தோட்டங்களில் சாதாரணம்.

அமைத்த பின், முதல் மழைக்காலம் முழுவதும் விடியற்காலையில் பேட்டரியின் அளவைக் குறித்து வாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் ஏறத்தாழ பாதி காலியாகிவிட்டது என்று பொருள். லித்தியம் பேட்டரியின் வோல்ட்டேஜ் கடைசி வரை பெரிதாக மாறாது என்பதால், ஆம்பியர்-அவரை எண்ணிக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். மழை மூன்றாம் நாளைத் தாண்டினால், கேமராவில் வெள்ளை ஒளி விளக்கு இருந்தால் அதைச் செயலியில் அணைத்து, ஆள் அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்யும்படி மாற்றிவிடுங்கள். வெயில் திரும்பிப் பேட்டரி நிரம்பிய பிறகு பழைய அமைப்புக்கே கொண்டுவரலாம்.