இ-சேவை மையம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஊரில் ஓர் இ-சேவை மையம் திறந்தால் தாலுகா ஆபீஸ் அலைச்சல் ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஓரளவு ஒழியவும் செய்தது. கூட்டுறவுக் கடன் சங்கம், அரசு கேபிள் டிவி நிறுவனம், மகளிர் குழுக்கள், படித்துவிட்டு ஊரிலேயே கடை போட்ட இளைஞர்கள் என்று பலரும் இன்று மையம் நடத்துகிறார்கள். ஆனாலும் ஒரு வருமானச் சான்றிதழுக்கு மூன்று நான்கு தடவை நடப்பவர்கள் குறையவில்லை. சர்வர் மேல் பழி போடுவது சுலபம். அதுவும் ஜூன் மாதத்தில் படுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் அலைச்சலில் பெரும்பங்கு மையத்தின் மேசையிலேயே தொடங்குகிறது. காகிதத்தை வாங்கி, ஸ்கேன் செய்து, பட்டனை அழுத்தி, 60 ரூபாயை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று ஜெராக்ஸ் கடை மாதிரி நடத்துவதுதான் அடிப்படைக் கோளாறு.

உங்கள் போன் நம்பரைப் போடாதீர்கள்

வருவாய்த் துறைச் சான்றிதழுக்கு முதல்முறை வருபவருக்கு ஒரு கேன் எண் (CAN, அவருக்கென்று ஒரு நிரந்தர அடையாள எண்) உருவாக்குகிறோம். பெயர், அப்பா பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் அதில் ஏறிவிடும். நாளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டாலும், முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டாலும் அந்த விவரம்தான் திரும்ப வரும்.

வந்திருப்பது வயதான அம்மா. போன் பேரனிடம், பேரன் திருப்பூரில். ஓடிபி வாங்க யார் காத்திருப்பது என்று மைய ஊழியர் தன் நம்பரையே போட்டுவிடுகிறார். அன்றைக்கு வேலை முடிந்துவிடும், சிக்கல் பிறகுதான் வரும். விஏஓ ரேஷன் கார்டு நகல் தெளிவாக இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார். குறுஞ்செய்தி ஊழியரின் போனுக்கு வரும், அதுவும் நூறு குறுஞ்செய்திகளுக்கு நடுவில். அம்மா பத்து நாள் கழித்து வந்து, "தம்பி, போன மாசமே குடுத்தேனே, இன்னுமா வரல?" என்பார். அந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருந்தால் கதை இன்னும் மோசம். விவரத்தைத் திருத்தவும் அதே நம்பருக்குத்தான் ஓடிபி போகும்.

பேரனுக்கே போன் போட்டு ஓடிபி கேளுங்கள். இரண்டு நிமிடம்தான் கூடுதலாக ஆகும். அவர் எடுக்கவில்லை என்றால் சாயங்காலம் வரச் சொல்லுங்கள். போனே இல்லாத வீடு என்றால் பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவர் நம்பர், அதுவும் இருவரும் சம்மதித்தால்.

பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்

நம் ஊரில் இனிஷியல் என்று ஒன்று இருக்கிறது. பலரின் ஆதாரிலோ அப்பா பெயர் பின்னால் சேர்ந்து அச்சாகியிருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் சு. முருகேசன், ஆதாரில் முருகேசன் சுப்பையா, ரேஷன் கார்டில் வெறும் முருகேசன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கல்லூரி அட்மிஷன் கவுண்டருக்குத் தெரியாது. சான்றிதழ் எதற்காக, அதை வாங்குபவர்கள் எந்த ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். படிப்புக்கு என்றால் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடிதான் பெயர் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ் தானாக வரும் என்று விட்டுவிடுவது இன்னொரு வம்பு. தமிழழகி தமிலலகி ஆவார், வள்ளி வல்லி ஆவார். சமர்ப்பிக்கும் முன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பெயர், அப்பா பெயர், கிராமம் மூன்றையும் சத்தமாகப் படியுங்கள். "கிராமம் அது இல்லீங்க, நாங்க பக்கத்து வருவாய் கிராமம்" என்று அப்போதுதான் சொல்வார்கள். கிராமம் மாறிப்போனால் விண்ணப்பம் வேறொரு விஏஓவிடம் போய் உட்கார்ந்துகொள்ளும். அவருக்கு இவரை யார் என்றே தெரியாது. நிராகரிப்புதான்.

பட்டாவில் அவசரம் கூடாது

பட்டா மாறுதலில் உட்பிரிவு உள்ளது, உட்பிரிவு இல்லாதது என்று இரண்டு வகை. சர்வே எண்ணை முழுதாக வாங்கியிருந்தால் உட்பிரிவு தேவையில்லை. 2 ஏக்கரில் 40 சென்ட் மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து பிரிக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. சீக்கிரம் முடியட்டும் என்று உட்பிரிவு இல்லாததைத் தேர்ந்தெடுத்தால், தள்ளுபடி ஆகும் அல்லது பழைய உரிமையாளரோடு கூட்டுப் பட்டாவாக வந்து நிற்கும். இரண்டாவதுதான் ஆபத்து. பின்னால் பேங்க் லோனுக்குப் போகும்போது வெடிக்கும்.

விண்ணப்பம் போடும் முன்பே அரசின் நிலப் பதிவேட்டுத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் சர்வே எண்வாரிப் பதிவேடு) இரண்டையும் பாருங்கள், பார்ப்பது இலவசம். பத்திரம் பதிந்ததுமே சில நிலங்களுக்குப் பட்டா தானாகவே மாறிவிடுகிறது. ஏற்கெனவே மாறிய பட்டாவுக்கு மறுபடி 60 ரூபாய் வாங்குவது நியாயமில்லை.

கைரேகை விழவில்லை என்றால் திருப்பி அனுப்பாதீர்கள்

ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வரும் பிஎம் கிசான் என்ற விவசாயிகள் உதவித் திட்டத்துக்கு இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) செய்ய வருபவர் எப்படிப்பட்டவர்? நாற்று நட்டு, மண்வெட்டி பிடித்த கை. ரேகை தேய்ந்துதான் இருக்கும். கட்டைவிரலை மூன்று தரம் வைத்துப் பார்த்துவிட்டு "விழல, அப்புறம் வாங்க" என்றால் அவர் அப்புறமும் அதே கையோடுதான் வருவார். ஈரத்துணியால் விரலைத் துடைத்து மற்ற விரல்களை வைத்துப் பாருங்கள், கருவியின் கண்ணாடியையும் துடையுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் ஓடிபி இருக்கிறது, முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் செயலியும் இருக்கிறது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழுக்கும் முகச் சரிபார்ப்பு உண்டு.

பணம் வரவில்லை என்று வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது: "கடைசியாக எந்த பேங்க்கில் ஆதாரை இணைத்தீர்கள்?" ஆதார் வழியாக வரும் மானியமும் நூறு நாள் வேலைக் கூலியும், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். வீடு தேடி வந்தவர் யாரோ திறந்துகொடுத்து, பிறகு மறந்துபோன கணக்கில் பணம் சேர்ந்து கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. புது விண்ணப்பம் போட்டுத் தீரும் பிரச்சினை இல்லை இது.

காலமும் காசும்

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். சாதிச் சான்றிதழ் அப்படியில்லை. ஆகவே பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சாதிச் சான்றிதழை டிசம்பர், ஜனவரியிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் வரை போக வேண்டியது, அதற்கு இன்னும் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். மே கடைசியில் மொத்த ஊரும் வரிசையில் நிற்கும்போது யாருடைய பெயரையும் நிதானமாகப் படித்துக் காட்ட முடியாது.

கட்டணப் பலகையைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள். முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு 10 ரூபாய்தான் என்பது பலருக்குத் தெரியாது, 200 கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மையத்துக்குக் கிடைக்கும் பங்கு சொற்பம், கரண்ட் பில்லும் நெட் பில்லும் தலைக்கு மேல் நிற்கிறது என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக ஓய்வூதியம் கேட்டு வருபவரிடமா ஈடுகட்டுவது? பிரிண்ட், லேமினேஷன், ரீசார்ஜ் என்று வேறு வருமானம் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலை எட்டுக்கு முன்னாலோ மாலை ஐந்துக்குப் பிறகோதான் வர முடியும். பத்து டு ஐந்து கடை அவர்களுக்கு எப்போதும் மூடிய கடை.

லேமினேஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. டிஜிட்டல் கையொப்பமும் கியூஆர் கோடும் உள்ள சான்றிதழுக்குத் தாசில்தார் முத்திரை வேண்டாம். முத்திரை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த கியூஆர் கோடை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக, கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பைத் திறந்து பாருங்கள். ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார், பாஸ்புக், பத்திர நகல் எல்லாம் குவிந்து கிடக்கும். விண்ணப்பம் முடிந்த அன்றைக்கே அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப்பிலும் சேர்த்து. உங்கள் லாகின் பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்தால் அதையும் கிழித்துப் போடுங்கள். அந்த ஐடியில் யார் என்ன செய்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.