பார்சி பட்டு ஜப்லா: வாளியிலும் பெட்டியிலும் நடக்கும் தவறுகள்

நம் ஊர்த் துணிக்கடையில் ஜப்லா என்றால் கைக்குழந்தைக்கு நாடா கட்டிப் போடும் பருத்திச் சட்டை. பார்சி வீட்டு ஜப்லா அதற்குப் பணக்கார உறவு: பூவேலை செய்த தளர்வான பட்டுச் சட்டை, கீழே இஜார் என்ற கால்சட்டை, தலையில் குல்லாய். ஆண் பெண் இருபாலரும் போடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டன் துறைமுகத்தோடு வணிகம் செய்த பார்சிகள் வழியாக வந்த சீனத் தையலில் சேவல், கொக்கு, பியோனிப் பூ எல்லாம் இருக்கும். ஜரிகை வேலையிலும் ஜப்லா உண்டு.

இதை, பார்சிக் குழந்தைகளை மதத்தில் சேர்க்கும் நவ்ஜோத் சடங்கில் அணிவிக்கும் சுத்ரேயோடு பலர் குழப்புகிறார்கள். சுத்ரே பூவேலையே இல்லாத வெள்ளை மல் உடை. அது மதக் கடமை. ஜப்லா அதற்கு முந்தைய வயதின் அலங்காரம்.

அதிகச் சேதம் வாளியில்தான். பழைய ஜப்லா கைக்கு வந்ததும் சோப்புத்தூளில் ஊறவைத்துவிடுகிறார்கள். அதன் காரம் பட்டின் புரதத்தை அரிக்கும். குளோரின் பிளீச் பட்டைக் கரைத்தே விடும். சிவப்பு, ஊதா நூல் சாயம் விட்டால் அடித்துணி அவ்வளவுதான். ஒவ்வொரு நிற நூலின் பின்பக்கத்திலும் ஈரப் பஞ்சை 1 நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் லேசாக நிறம் ஏறினாலும் தண்ணீர் வேண்டாம். ஜெலட்டின் சமிக்கி இருந்தால் சோதனையே தேவையில்லை, அது தண்ணீரில் கரையும். தூசு மட்டும்தான் என்றால் நைலான் வலையை மேலே விரித்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் போதும்.

இதழ்களை நிரப்பும் சாட்டின் தையலில் முறுக்கில்லாத பட்டிழை நீளமாகக் கிடக்கும். வளையலோ மோதிரமோ பட்டால் வளையமாக எழும்பும். உடனே கத்தரிப்பது தவறு. வெட்டிய இழை இரு பக்கமும் பிரிந்து, இதழே வழுக்கையாகிவிடும். மெல்லிய ஊசியால் வளையத்தைப் பின்பக்கம் இழுத்துவிடுங்கள்.

பூவேலையின் முகத்தில் இஸ்திரிப்பெட்டி படக் கூடாது. தடிமனான துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு, நடுவில் மல் துணி வைத்து, பட்டுக்கான சூட்டில் அழுத்தித் தூக்குங்கள்; தேய்க்காதீர்கள். இல்லையென்றால் முடிச்சுத் தையல் தட்டையாகும்.

கறுத்த ஜரிகையைக் குத்துவிளக்குபோலப் புளி போட்டுத் துலக்குபவர்களும் இருக்கிறார்கள்! வெள்ளிமேல் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது, முதல் தேய்ப்பிலேயே போய்விடும். அந்தக் கறுப்பை அப்படியே விடுவது மேல்.

புதிதாகத் தைப்பவர்கள் துணியை வெட்டிவிட்டுப் பூவேலை தொடங்குகிறார்கள். அடர்ந்த தையல் பட்டைச் சுருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தாது. வடிவத்தைக் குறித்து, பூவேலையை முடித்து, மறுபடி அளந்தபின் வெட்டுங்கள். பின்பக்க முடிச்சுகள் குழந்தையின் தோலை உறுத்தாமல் இருக்க மல் துணி உள்ளுறை வேண்டும். அதை முன்பே நனைத்துக் காயவைக்காவிட்டால் பிறகு சுருங்கி ஓரங்களை இழுக்கும்.

பெட்டியில் வைக்கும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் அடைந்து பூஞ்சை வரும். அந்துருண்டை பட்டையோ ஜரிகையையோ தொடக் கூடாது. கஞ்சியில்லாமல் பலமுறை துவைத்த பழைய வேட்டி நல்ல உறை. கையை மடிக்கும் இடத்தில் சுருட்டிய துணி வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்த பட்டு, விரிக்கும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும்.